முள் இறங்கினால் வீடு

என் தம்பி பெண்டாட்டியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தராசு என்றால்தான் தெரியும். பழைய காகிதமும் இரும்பும் எடைக்கு வாங்குகிற கடையில் எடை போடுகிறவள் அவள். கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கடையில் சேர்ந்தவள். அங்கே பெரிய மேடைத் தராசு ஒன்று உண்டு. ஆனால் அதில் ஏற்றுவதற்கு முன்னால் எதையும் ஒரு தடவை கையால் தூக்கிப் பார்த்துவிடுவாள்.

எடைக்குப் போடுகிறவர்கள் செய்கிற தில்லுமுல்லு கொஞ்சநஞ்சம் இல்லை. நனைத்த காகிதத்தை நடுவில் வைத்து, காய்ந்ததை மேலே சுற்றிக் கட்டிக்கொண்டு வருவார்கள். அட்டைப்பெட்டிக்குள் செங்கல் வைப்பார்கள். தகரக் குழாயில் மணலை அடைத்து வாயை நசுக்கிக்கொண்டு வந்தவனைக்கூட நான் பார்த்திருக்கிறேன். கட்டைத் தூக்குவாள், கீழே வைப்பாள், இன்னொரு தடவை தூக்குவாள். சண்டை போட மாட்டாள், குரலை உயர்த்த மாட்டாள். "பிரிச்சுக் காட்டுங்க" என்பாள். அவ்வளவுதான். எப்பேர்ப்பட்ட கில்லாடியும் அதற்கு மேல் வாய் திறக்காமல் கட்டை அவிழ்ப்பான்.

நான் அதே தெருக்கோடியில் துணி தேய்க்கிறவள். அவள் புருஷனுக்கு அக்கா, அவளுக்கு அண்ணி. நாத்தனார் என்றால் நாக்கு நீளமாக இருக்கும் என்பார்கள், என் விஷயத்தில் அது உண்மைதான். கல்யாணமாகி வந்த புதிதில் என் மேசைப் பக்கம் வந்தாள். இஸ்திரிப் பெட்டியைச் சும்மா தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதோட அடிப்பக்கம் தேஞ்சுபோச்சு, மாத்திடுங்க" என்றாள். எனக்கு வந்ததே கோபம். நேற்று வந்தவள் என் பெட்டிக்கு எடை சொல்வதா என்று ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். தேய்ந்துதான் இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அவர்களுக்கு ஒரே பெண். பொடிசு என்று கூப்பிடுவோம், ஆள் அப்படித்தான் இருப்பாள். நடக்கத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு என் தேய்ப்பு மேசைக்கு அடியில்தான் குடித்தனம். தேய்த்து மடித்த துணியின் சூடு அவளுக்குப் பிடிக்கும். ஒரு பழைய போர்வையை விரித்து, அவளுடைய யானைப் பொம்மையையும் படுக்க வைத்து, அங்கேயே தூங்கிப்போவாள். வாடிக்கைக்காரர்கள் குனிந்து பார்த்துச் சிரிப்பார்கள். காலுக்கடியில் அந்தப் பிள்ளை கிடந்தால்தான் எனக்கும் வேலை ஓடும்.

அவளுக்குக் கன்னம் உப்பத் தொடங்கியபோது எல்லோரும் கொழுகொழுவென்று ஆகிவிட்டாள் என்றார்கள். நானும்தான் சொன்னேன். தராசு மட்டும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துப் பார்த்தாள்.

"இது சதை இல்லை அண்ணி" என்றாள். "நனைஞ்ச கட்டு மாதிரி கனக்குது."

பெற்ற பிள்ளையைக் காகிதக் கட்டோடு சேர்த்துப் பேசுகிறாளே என்று அவளைத் திட்டினேன். மறுவாரம் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதயத்தின் தசை பலவீனமாக இருக்கிறது, ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியவில்லை, அதனால் உடம்பில் நீர் தேங்குகிறது என்றார்கள். இது வந்து போகிற நோய் இல்லை, கூடவே இருக்கப் போகிறது என்றும் சொன்னார்கள். தம்பி அதைக் கேட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள்தான் எந்த மாத்திரை, எந்த வேளை என்று நின்று கேட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவர்கள் வாழ்க்கை வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவிலேயே கிடந்தது. கொஞ்ச நாள் நன்றாக இருப்பாள். பிறகு கால் வீங்கும், இருமல் வரும், படுத்தால் மூச்சு முட்டும், கூட்டிக்கொண்டு ஓடுவார்கள். ஊசி போட்டு நீரை வடிய வைத்து அனுப்புவார்கள். போன தடவை சேர்த்தபோது பொடிசுக்கு ஐந்து வயது. அந்தத் தடவைதான் நான் சொல்ல வந்தது.

குழந்தைகள் வார்டு ஒரு நீளமான கூடம். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். ஜன்னலின் பாதி வரைக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், அதற்கு மேலே வானம் தெரியும். கோடியில் கை கழுவும் தொட்டி. கட்டிலுக்கு ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் தாய்மார்கள் சாப்பிட வேண்டும், அழ வேண்டும், தூங்க வேண்டும். தராசு அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டாள். பிள்ளை இருமினால் கண் திறப்பதற்கு முன்பே கை நீளும்.

பொடிசு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதற்கு அளவு உண்டு. மருந்து மூடியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கிண்ணம், அதில்தான் ஊற்றித் தருவார்கள். அதைப் பிள்ளை ஒரே மடக்காகக் குடிக்காமல் நாக்கால் தொட்டுத் தொட்டுக் குடிப்பாள்.  சாப்பாட்டுக்கு மட்டும் தடையில்லை. நன்றாகச் சாப்பிட வேண்டும், உடம்பில் தெம்பு வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் தினமும் நான் அவித்த முட்டையும் ரொட்டியும் அளவாகப் பாலும் எடுத்துக்கொண்டு போவேன்.

காலையில் எடை பார்ப்பார்கள். நர்ஸ் சக்கரம் வைத்த தராசு ஒன்றைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாக வருவார். வட்ட முகமும் பெரிய முள்ளும் உள்ள பழைய தராசு. மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. இருதய நோய் உள்ள பிள்ளைக்கு அதுதான் தீர்ப்பு. முள் ஏறினால் உடம்பில் நீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இறங்கினால் வடிந்திருக்கிறது. தராசுக்காரிக்குத் தராசைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எடை இறங்கி அப்படியே நிலைச்சு நின்னுதுன்னா வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்று டாக்டரம்மா சொன்னார்.

பொடிசுக்கு இருந்த ஒரே கேள்வி வீட்டுக்கு எப்போது என்பதுதான். கண் விழித்ததும் கேட்பாள். ஊசி போடும்போது கேட்பாள். ஊசி போட்டவரிடமும் கேட்பாள். தரை துடைக்க வந்தவரைக்கூட விடவில்லை, அந்த மனுஷி துடைப்பத்தைப் பிடித்தபடி, "எனக்கே நான் எப்ப வீட்டுக்குப் போவேன்னு தெரியாது கண்ணு" என்றார். நாளைக்கு, நாளைக்கு என்று எத்தனை நாள்தான் சொல்ல முடியும்? பிள்ளை நம்புவதை நிறுத்திவிட்டாள். பதில் சொல்லி ஓய்ந்துபோன தராசு ஒருநாள் நர்ஸிடம் ஒரு துண்டு பிளாஸ்திரி கேட்டு வாங்கினாள். எந்த எடைக்கு இறங்கினால் அனுப்பலாம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டு, எடைத் தராசின் கண்ணாடியில் அந்த இடத்தில் அதை ஒட்டினாள். கடையில் அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் முள் எங்கே வர வேண்டும் என்று காட்ட ஓர் அடையாளம் ஒட்டி வைப்பார்கள்.

"இதோ பாரு. இந்த முள்ளு இந்த வெள்ளைக்கு இந்தப் பக்கம் வந்துதுன்னா வீட்டுக்குப் போலாம். அதுவரைக்கும் யாரையும் கேக்கக் கூடாது. இந்த முள்ளைத்தான் கேக்கணும்."

பொடிசு அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். அடேயப்பா, என்ன மூளை இவளுக்கு என்று நான் தராசை மனசுக்குள் மெச்சினேன்.

மறுநாள் எடை பார்க்கும்போது பொடிசு காலுறையைக் கழற்றிய பிறகுதான் அம்மாவைத் தூக்கி வைக்க விட்டாள். அதற்கடுத்த நாள் தலையில் இருந்த கிளிப்பையும் எடுத்துவிட்டாள்.

"அத்தை, மேலே ஏறி நிக்கும்போது மூச்சை எல்லாம் வெளியே விட்டுட்டா எடை குறையுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"குறையும் குறையும். கூடவே உன் வாயையும் கழட்டி வெச்சுட்டா பாதியாக் குறையும்" என்றேன்.

அம்மா தூக்கித் தராசில் வைத்ததும் அவள் கன்னம் ஒட்ட மூச்சை ஊதி வெளியே விட்டாள். நர்ஸ் சிரித்தார். பக்கத்துக் கட்டில் அம்மா சிரித்தாள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். தராசுகூட ரொம்ப நாளைக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தாள். எங்களில் ஒருத்திக்கும் அந்தப் பிள்ளை என்ன கணக்குப் போடுகிறாள் என்று உறைக்கவில்லை.

முள் இறங்கத் தொடங்கியது. முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு நாளும் வெள்ளைப் பிளாஸ்திரியை நெருங்கியது. டாக்டரம்மாவுக்குத் திருப்தி. கால் வீக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனாலும் எடை நன்றாக இறங்குகிறது, மருந்து வேலை செய்கிறது என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. நான் கொண்டுபோகிற முட்டையும் பாலும் பிள்ளையைத் தேற்றிவிட்டது என்று என் வாடிக்கைக்காரர்கள் எல்லோரிடமும் அளந்துவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் கை ஒடிந்து கட்டுப் போட்ட ஒரு பாப்பா இருந்தாள். வாய் ஓயாமல் அசை போடுகிற ஜாதி. "என் பொண்ணு இப்பல்லாம் சாப்பாட்டு நேரத்துல பசியே இல்லைங்கறா. முகம் மட்டும் நல்லா உப்பிட்டே வருது" என்று அவள் அம்மா என்னிடம் அதிசயப்பட்டாள். படுத்தே இருந்தால் அப்படித்தான் ஆகும் என்று நான் மருத்துவம் சொன்னேன். பொடிசின் கட்டிலுக்கடியில் எறும்பு வரிசை போவதைப் பார்த்து நர்ஸ் அதட்டினார். "சாப்பாட்டை மூடி வையுங்கம்மா, எத்தனை தடவை சொல்றது." தராசு ஈரத்துணியால் துடைத்தாள். மறுநாளும் எறும்பு வந்தது. மறுநாளும் துடைத்தாள்.

முள் வெள்ளைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. அங்கேயே நிலைத்தது. காலையில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தம்பி சரக்கு வண்டி ஓட்டுகிறவன். அன்றைக்கு லோடு எதுவும் ஏற்றாமல், வண்டியைக் கழுவித் துடைத்து, முன்சீட்டில் தலையணை போட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தான். அவன் கல்யாணத்துக்குக்கூட அப்படி வாரவில்லை. வார்டு வாசலில் நின்றுகொண்டு, "என்ன மகாராணி, வண்டி ரெடி" என்றான். பொடிசு கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். என் மேசைக்கு அடியில் போர்வை இருக்கிறதா, யாராவது எடுத்துவிட்டார்களா என்று என்னைக் கேட்டாள். துவைத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன் என்றேன். முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு.

தராசு துணிகளை மடித்து வைத்தாள். மருந்துகளை ஒரு பையில் போட்டாள். பொடிசின் விளையாட்டுச் சாமான் பையில் ஒரு யானை, ஒரு பந்து, படம் கிழித்த பழைய பத்திரிகைகள், அவ்வளவுதான் இருந்தது. அந்தப் பையை எடுத்து என்னிடம் நீட்ட வந்தவள் நின்றாள். பையைக் கட்டில் மேல் வைத்தாள். இன்னொரு தடவை தூக்கினாள்.

எனக்கு அந்தத் தூக்கல் தெரியும். கடை வாசலில் எத்தனையோ தடவை பார்த்தது. 

பையிலிருந்து யானையை எடுத்தாள். அதன் வயிற்றில் தையல் விட்டுப்போய் ரொம்ப நாளாயிற்று. வீட்டுக்குப் போய்த் தைத்துத் தருகிறேன் என்று அவளே சொல்லியிருந்தாள். பொடிசு தாவி வந்து யானையைக் கட்டிக்கொண்டாள்.

"பிரிச்சுக் காட்டு" என்றாள் தராசு.

திருட்டுக் கட்டுக் கொண்டுவருகிறவர்களிடம் சொல்கிற அதே குரல். பிள்ளை யானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். தராசு அவள் விரல்களை மெதுவாக விலக்கி, யானையை வாங்கி, வயிற்றைப் பிரித்துக் கவிழ்த்தாள். ரொட்டி கொட்டியது. காய்ந்து கட்டையாகிப்போன ரொட்டித் துண்டுகள், ஓரம் மட்டும் கடித்தவை, கடிக்காதவை. கூடவே எறும்பு. உள்ளே இருந்த பஞ்சில் பாதியைக் காணோம். அது மெத்தைக்கு அடியில் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

"முட்டை?" என்று கேட்டாள் தராசு.

"பாப்பாவுக்குக் கொடுத்தேன். அவளுக்குப் பசிக்குது."

"பால்?"

பொடிசு கூடத்தின் கோடியில் இருந்த கை கழுவும் தொட்டியைப் பார்த்தாள். வாய் கொப்பளிக்கப் போகிறேன் என்று அவள் தினமும் தம்ளரை எடுத்துக்கொண்டு அங்கே போனதும், சமர்த்துப் பிள்ளை என்று நான் மெச்சிக்கொண்டதும் எனக்கு ஞாபகம் வந்தது.

தராசு பிள்ளையின் சட்டையைத் தூக்கினாள். தினமும் பார்க்கிற உடம்புதான். வயிறு உப்பியிருந்தது. அதற்கு மேலே விலா எலும்பு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

தம்பி அருகில் வந்தான். ரொட்டியைப் பார்த்தான், புரிந்துகொண்டான். புரிந்த பிறகும் குரலைத் தாழ்த்தி, "சரி விடு. வீட்டுல போய் ஊட்டிக்கலாம். எல்லாரும் கிளம்பச் சொல்லிட்டாங்க. வண்டி வாசல்ல நிக்குது" என்றான்.

"நீர் இறங்கல. இவதான் இறங்கியிருக்கா" என்றாள் அவள்.

"நீ எதுவும் சொல்லாத. வீட்டுக்குப் போயிட்டு ரெண்டு நாள் பாக்கலாம். முடியலைன்னா திரும்பக் கூட்டிட்டு வரலாம். அவ முகத்தைப் பாருடி."

பொடிசு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பெரியவர்கள் பேரம் பேசுவது போல நிதானமாகச் சொன்னாள். "சொல்லாதம்மா. வீட்டுக்குப் போய் எல்லாம் சாப்பிடறேன். ரொட்டி, முட்டை, எல்லாம். தண்ணி கேக்க மாட்டேன். சத்தியமா."

முந்திக்கொண்டு ஓடுகிற வாய்தான் எனக்கு. எந்தப் பக்கம் பேசுவது? எனக்கும் அவள் என் மேசைக்கு அடியில் வந்து படுத்தால் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் உடம்புக்குள் நீர் அப்படியே இருக்கிறது, மேலே சதை கரைந்துபோயிருக்கிறது, இப்படியே கூட்டிக்கொண்டு போனால் போகிற வழியிலேயே மூச்சு நின்றாலும் கேட்பதற்கில்லை. அதுவும் எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

டாக்டரம்மா வந்தார். "என்ன குட்டி, கிளம்பியாச்சா?" என்று பொடிசின் கன்னத்தைத் தட்டினார்.

தராசு எழுந்து நின்றாள். பிள்ளையின் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "டாக்டர், அந்த எடையை நம்பாதீங்க. இவ சாப்பிடவே இல்லை. முள்ளு இறங்கணும்னு சாப்பிடாமலே இருந்திருக்கா" என்றாள்.

பொடிசு தன் கையை உருவிக்கொண்டாள்.

டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையைப் படுக்க வைத்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். கணுக்காலில் விரலால் அழுத்தினார், எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு தராசிடம், "நீர் உள்ளேயேதான் இருக்கும்மா. நல்லவேளை சொன்னீங்க" என்றார். அந்த நல்லவேளையைக் கேட்டு நாங்கள் யாரும் சந்தோஷப்படவில்லை.

தம்பி வெளியே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். வண்டிக்குள் உட்கார்ந்து, பிள்ளைக்காகப் போட்ட தலையணையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். எனக்கு அவன் முதுகைத் தடவிக் கொடுக்கத்தான் தெரிந்தது.

அன்றைக்கே மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டார்கள். இனிமேல் வாயை நம்பிப் பிரயோஜனம் இல்லை, சத்து உள்ளே போயாக வேண்டும். பொடிசு திமிறினாள். அந்த எலும்பு உடம்புக்குள் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ. நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கைகளையும் தராசுதான் பிடித்தாள். "நீதானே சொன்னே! முள்ளு வந்தா போலாம்னு நீதானே சொன்னே!" என்று பிள்ளை கத்திய கத்தல் வார்டு முழுக்கக் கேட்டது. கைக்கட்டுப் பாப்பா பயந்துபோய் அழுதாள். தராசு பிடித்த பிடியை விடவில்லை.

எல்லாம் முடிந்து பிள்ளை அசந்து தூங்கிய பிறகு தராசு கை கழுவப் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு, கையை அதன் கீழே நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாள்.

"என் கைக்குத் தெரிஞ்சுது அண்ணி" என்றாள்.

"என்ன சொல்றே?"

"தினம் நான்தானே அவளைத் தூக்கி தராசுல வைக்கறேன். நாலு நாளாவே கைக்குத் தெரிஞ்சுது. கனத்துல ஏதோ சரியில்லைன்னு. வெளியாள் கொண்டுவந்த கட்டா இருந்தா அந்த நிமிஷமே பிரிக்கச் சொல்லியிருப்பேன். வீட்டுக்குப் போகணும்னு இருந்துதா, கையை நம்பல. முள்ளை நம்பிட்டேன்."

 தண்ணீர் வீணாகிறதே என்று குழாயை மூடினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி நாற்காலிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு பொடிசு அம்மாவோடு பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பாள். என்னோடு மட்டும் பேசுவாள். "அத்தை, அந்த அம்மாகிட்ட எனக்குத் தண்ணி வேணும்னு சொல்லுங்க" என்பாள். பெற்றவளை அந்த அம்மா என்றாள். நான் திரும்பி, "தண்ணி வேணுமாம்" என்பேன். தராசு கிண்ணத்தில் அளந்து ஊற்றி என் கையில் தருவாள். அவள் நீட்டினால் பிள்ளை வாங்க மாட்டாள்.  ஒரு தடவை பொறுக்க முடியாமல், "உங்கம்மா பண்ணதுல என்னடி தப்பு?" என்று அதட்டிவிட்டேன். தராசு என்னைத் தடுத்தாள். "விடுங்க அண்ணி. அவ சொல்றதும் சரிதான். நான்தான் அந்த முள்ளைக் காட்டினேன்."

அந்தப் பிளாஸ்திரியை அவளே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள். கண்ணாடியில் பசை மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

கைக்கட்டுப் பாப்பா வீட்டுக்குப் போனாள். அந்தக் கட்டிலுக்கு வேறொரு பிள்ளை வந்தது. கடை முதலாளி ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவள் இல்லாமல் கடையில் கண்ணில் மண்ணைத் தூவுகிறார்கள் என்று புலம்பிவிட்டுப் போனார். தம்பி லோடு இல்லாத நாளில் வந்து, கட்டில் காலடியில் உட்கார்ந்து, பொடிசின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பான். டாக்டரம்மா மருந்தை மாற்றினார். மாற்றிய மருந்தும் கொஞ்சம் கேட்டது, கொஞ்சம் கேட்கவில்லை. இதயம் இன்னும் சோர்ந்திருக்கிறது, இந்தத் தடவை நாள் ஆகும் என்றார். எத்தனை நாள் என்று அவரிடம் நாங்களும் கேட்கவில்லை.

பிறகு மூக்குக் குழாயை எடுத்தார்கள். தராசு மறுபடி ஊட்டத் தொடங்கினாள். வேறு வழியில்லாமல் பிள்ளை அவள் கையால் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு தராசு, "காட்டு" என்பாள். பொடிசு வாயைத் திறப்பாள். நாக்கைத் தூக்கி அடியிலும் காட்டுவாள், இரண்டு கன்னத்தையும் விரலால் இழுத்துக் காட்டுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே செய்தாள். இவள் பார்ப்பாள், அவள் மூடுவாள், அடுத்த வாய். பார்க்கிற எனக்குத்தான் அங்கே உட்கார முடியாமல் போகும். ரொட்டிப் பாத்திரத்தைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன்.

எடை பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. தினமும் காலையில் சக்கரத் தராசு வரும். தராசு பிள்ளையைத் தூக்கி வைப்பாள். பொடிசு காலுறையைக் கழற்றுவதில்லை, மூச்சை ஊதுவதில்லை, முள்ளையும் பார்ப்பதில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முள் கொஞ்சம் ஏறியிருந்தது. ஏறியது சாப்பாட்டினாலா, நீரினாலா என்று டாக்டரம்மாவுக்கே நாலு சோதனை செய்துதான் சொல்ல வேண்டியிருந்தது. முட்டை இறங்கினாலும் முள் ஏறும், நோய் முற்றினாலும் முள் ஏறும். தராசு ஒவ்வொரு நாளும் பிள்ளையைத் தூக்கும்போது கொஞ்சம் நேரம் கூடுதலாகக் கையில் வைத்திருப்பாள். என்ன தெரிகிறது என்று நான் கண்ணாலேயே கேட்பேன். அவள் தலையை ஆட்ட மாட்டாள்.

அப்படி ஒரு காலையில்தான், தராசிலிருந்து இறக்க அம்மா தூக்கியபோது, பொடிசு கழுத்தைத் திருப்பி அந்த வட்டக் கண்ணாடியைப் பார்த்தாள். பிளாஸ்திரி இருந்த இடத்தில் பசை அழுக்காகியிருந்தது. பேசாமலே இருந்த பிள்ளை அம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, இப்ப முள்ளு எங்க வந்தா வீட்டுக்கு?"

கோபமில்லாமல்தான் கேட்டாள். சொன்னால் அதைச் செய்துவிடலாம் என்கிற மாதிரி கேட்டாள். ஏறணும் என்றால் சாப்பிட்டுத் தீர்த்திருப்பாள், இறங்கணும் என்றால் மறுபடி பட்டினி கிடந்திருப்பாள். தராசு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஊரில் எவன் எதைக் கட்டிக்கொண்டு வந்து வைத்தாலும் இன்னதுதான் என்று சொல்லிவிடுகிறவள் அவள்.

"தெரியலடி" என்றாள்.

அம்மா இன்னும் ஏதாவது சொல்வாள் என்று பொடிசு காத்திருந்தாள்.  தராசு பிள்ளையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நர்ஸ் எழுதி முடித்துவிட்டார். அடுத்த கட்டிலின் பிள்ளை காலுறையைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றது.

"இறக்கி விடும்மா. அடுத்த பாப்பா நிக்குது" என்றாள் பொடிசு.